துரை பங்களா மேசையும் லாச்சியில் இருந்த இரங்கல் கடிதங்களும்: ஏலத்துக்குக் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

சிப்புட்வாசி:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தின் பழைய துரை பங்களா சாமான்கள் எங்கள் சங்கத்தின் கைக்கு வந்திருக்கின்றன. எழுத்து மேசை ஒன்று (பக்கத்துக்கு மூன்று லாச்சி, அதாவது இழுப்பறை), கை நீண்ட சாய்வு நாற்காலி இரண்டு, கற்பூரமரப் பெட்டி ஒன்று. மேசையின் கீழ் லாச்சியில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. 1945, 46-இல் ஒரு துரைசானிக்கு வந்த இரங்கல் கடிதங்கள், நாற்பது இருக்கும். தன்னார்வப் படையில் இருந்த கணவர் சயாமில் கைதியாக இறந்திருக்கிறார். அரண்மனை முகவரி அச்சடித்த சின்னத் தாள் ஒன்றில் இங்கிலாந்து ராஜா கையெழுத்தும் இருக்கிறது. ஏலக்காரர், மேசைக்கு பாலிஷ் போட்டு, கடிதங்களையும் உள்ளே வைத்து ஒரே லாட்டாக (ஒரே ஏல உருப்படியாக) விடலாம் என்கிறார். சரிதானா?

அரக்குப் பட்டறை:
பாலிஷை முதலில் நிறுத்துங்கள் ஐயா. போருக்கு முந்தைய மேசையில் இருப்பது பெரும்பாலும் அரக்குப் பூச்சு. மேசைக் காலின் உட்புறம், யார் கண்ணிலும் படாத இடத்தில், பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்டு ஐந்து காசு அளவுக்குத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அரக்கு. அதை மணல்தாள் போட்டுத் தேய்த்துப் புது வார்னிஷ் அடித்தால் எண்பது வருஷமாகக் கைபட்டு வந்த மெருகு போய்விடும். பழைய சாமான் வாங்குகிறவர் காசு கொடுப்பதே அந்த மெருகுக்குத்தான். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். பித்தளைப் பிடிகளையும் துலக்க வேண்டாம். துலக்கும் பசை மரத்தின் இடுக்கில் இறங்கி வெள்ளையாகக் காய்ந்து நிற்கும்.

வயதை லாச்சி சொல்லும். ஒன்றை முழுதாக வெளியே இழுத்து, முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். புறாவால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் கோணலாக, இடைவெளி மாறி மாறி இருந்து, ஓரமாக ஆசாரி கீறிய கோடும் தெரிந்தால் கைவேலை. அச்சில் வார்த்தது போல ஒரே அளவாக இருந்தால் மிஷின் வேலை. தலையில் சிலுவை வெட்டு உள்ள திருகாணி 1930-களுக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்தது. அது இருந்தால் மேசையே பின்னாளையது, இல்லையென்றால் பின்னாளில் பழுது பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று: ரப்பர் மரத்தில் நாற்காலி மேசை செய்யும் தொழில் இங்கே 1970-களின் கடைசியில்தான் சூடு பிடித்தது. ரப்பர் மரச் சாமானைக் காட்டி வெள்ளைக்காரன் காலத்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

லாச்சிகளைக் கழற்றியதும் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மேல் லாச்சி நிரம்பி வழிந்தால் தாள்கள் பின்பக்கமாக விழுந்து கிடக்கும். அடியில் விரித்த பழைய செய்தித்தாளை உரிக்காதீர்கள், அதில் உள்ள தேதியும் சாட்சிதான். இந்த மாதிரி மேசை வழக்கமாக மூன்று துண்டு: மேற்பலகை தனி, இரண்டு பெட்டிக்கால் தனி. மேற்பலகையைப் பிடித்து மொத்தமாகத் தூக்கினால் பிளந்துவிடும்.

தாள்காப்பு:
ஒரே லாட் வேண்டாம். மேசை வாங்குகிறவருக்குக் கடிதம் குப்பை. கடிதம் தேடுகிறவருக்கு மேசை வைக்க இடம் இருக்காது. இரண்டு லாட்டாகப் பிரித்து, இரண்டின் விவரக் குறிப்பிலும் "இது இந்த மேசையின் இடப்பக்கக் கீழ் லாச்சியில் இருந்தது" என்பது போல எழுதச் சொல்லுங்கள். கடிதக் கட்டை எடுக்கும் முன் லாச்சியோடு படம் எடுங்கள்.

ரப்பர் பேண்டை இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள். உருகி ஒட்டியிருந்தால் அந்தத் துணுக்கை அப்படியே விடுங்கள். எந்தக் கடிதம் எந்த உறையில் இருந்ததோ அதிலேயே இருக்கட்டும். 2B பென்சிலால் பின்பக்க மூலையில் எண் போடுங்கள், பேனா கூடாது. துருப்பிடித்த குண்டூசிக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, தாளை அல்ல, ஊசியை நகர்த்துங்கள். செல்லோடேப், லேமினேஷன், இஸ்திரிப் பெட்டி மூன்றும் ஆகாது. பாலியஸ்டர் உறை நல்லது. பிவிசி உறை நாளடைவில் வேதிப்பொருள் கசிந்து மையைத் தன்மேல் ஒட்ட வைத்துக்கொள்ளும். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், நம் ஊர்க் காற்றில் அது பெரும்பாலும் தாண்டியே இருக்கும். மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தபால்தலை சேகரிப்பவர்கள் உறையை மட்டும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

ராஜா கையெழுத்தை நம்பி விலை வைக்க வேண்டாம். "அரசியும் நானும்" என்று தொடங்கும் அந்தத் தாள் ஆறாம் ஜார்ஜ் பெயரில் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குப் போனது, கையெழுத்து அச்சு. அதில் இறந்தவர் பெயர்கூட இருக்காது. யாருக்கு வந்தது என்று சொல்வது உறைதான், உறை போனால் அந்தத் தாள் அநாதை. மற்ற கடிதங்களில் இருக்கும் பெயரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். படைப்பிரிவு, இறந்த தேதி, கல்லறை எண், பல சமயம் பெற்றோர் பெயரும் கிடைக்கும். குடும்பத்தார் தடம் கிடைத்தால் ஏலத்துக்கு முன்பே அவர்களுக்கு எழுதுங்கள். அது முறை. விளம்பரத்தில் முழுக் கடிதத்தையும் படம் போடக் கூடாது: தாள் உங்களுடையது, எழுத்துரிமை எழுதியவரின் வாரிசுகளுடையது.

சிப்புட்வாசி:
நன்றி. கட்டைப் பிரித்ததில் இரண்டு தமிழ்க் கடிதங்கள் இருந்தன. கோடு போட்ட தாள், ஊதா மை. ஒன்றில் துரைசானிக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, சயாமுக்குப் போய்த் திரும்பாத நம் தொழிலாளர் லயத்து ஆட்களின் பெயர்களை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். கற்பூரப் பெட்டிக்கு அடியில் மணல் போல ஏதோ கொட்டிக் கிடக்கிறது.

தாள்காப்பு:
அந்த இரண்டையும் ஏலத்தில் சேர்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தோட்டத் துரைமார் தமிழ் படித்துத் தேர்வு எழுதிய காலம் அது, அதனால் தமிழில் எழுதியதில் வியப்பில்லை. ஆனால் போரின்போது ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதையில் செத்த நம் தொழிலாளர்களுக்கு அரண்மனைத் தாளும் வரவில்லை, தந்தியும் வரவில்லை. கல்லறை ஆணையத்தின் பட்டியலிலும் அவர்கள் இல்லை. பெயரோடு கிடைக்கும் தாள் அபூர்வம். 600 டிபிஐ-யில் இருபக்கமும் ஸ்கேன் செய்து, பெயர்களை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்யுங்கள். "முனியாண்டி"யை "முனியாண்டீ" என்று எழுதியிருந்தால் அப்படியே. மூலத்தைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் எழுத்துமூல ஒப்பந்தத்தோடு ஒப்படைக்கலாம். நகல் தோட்டத்துக் கோயிலில் இருக்கட்டும், பேரப்பிள்ளைகள் தேடி வருவார்கள். ஊதா மை ஈரம் பட்டால் கரைந்து ஓடும். வியர்வைக் கையே போதும்.

அரக்குப் பட்டறை:
பெட்டிக்கு அடியில் கிடப்பதை வெள்ளைத் தாளில் கொட்டி லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆறு பட்டையுள்ள மணிகள் என்றால் உலர்மரக் கரையான். மாவு போல இருந்தால் வண்டு. எதுவானாலும் பெட்டியை மேசையிலிருந்து விலக்கித் தனி அறையில் வையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், கறையும் நாற்றமும் போகாது. உரிமம் உள்ள பூச்சிக் கட்டுப்பாட்டாரை வைத்து புகையூட்டி, அந்த ரசீதை ஏலக்காரரிடம் கொடுங்கள். வெளிநாட்டார் கேட்டால், மரபுப் பொருளாகக் கணக்காகும் எதையும் அனுப்ப 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதை யார் எடுப்பது என்பதை லாட் விவரத்திலேயே போடச் சொல்லுங்கள்.