பதினாறுக்கு எந்தப் படம்?

குழு: ஐயா வீடு

செல்வி: ஃப்ரேம் கடைக்காரர் தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்று சாயங்காலத்துக்குள் படம் கேட்கிறார். இரண்டு போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.
[படம்]
[படம்]

கூலிம் அத்தை: வெள்ளைச் சட்டைதான். கோயிலில் எடுத்தது.

முரளி: தோமான் மீனோடு நிற்பது. அதில்தான் சிரிக்கிறார்.

கூலிம் அத்தை: பதினாறுக்கு மீனோடு படமா? மாலை போட்டுக் கும்பிடுகிற படம்டா அது.

முரளி: படையலில் விரால் குழம்பு வைக்கிறோமே அத்தை 😄

கூலிம் அத்தை: அது வேறு இது வேறு

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். கார்டில் போட அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறேன். "சுங்கை மூடா ஆற்றோர ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய தகப்பனாரைச் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளத்தில் எந்த இடத்தில் புதைத்தார்கள் என்றுகூடத் தெரியவில்லை. மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தார். விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்து, அப்புறம் மரம் சீவி, பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு மத்தியானம் ஆற்றில் இறங்கிவிடுவார். தூண்டில், வலை, கண்ணி எல்லாம் அங்கே கற்றதுதான். தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது பினாங்குக்கு வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கி எங்களை வளர்த்தார்." இது முதல் பகுதி.

முரளி: பெரியப்பா, கார்டு உள்ளங்கை அகலம்தான்

கேஎல் சித்தப்பா: 👍

செல்வி: 👍 என்றால் எந்தப் படம் சித்தப்பா?

பெரியப்பா: வயது 88 என்று போடுகிறேன். ஐசியில் (அடையாள அட்டையில்) 1937.

கூலிம் அத்தை: 91 அண்ணே. பினாங்கில் குண்டு விழுந்தபோது எனக்கு ஏழு வயது, ஆற்றங்கரையில் நின்று புகையைப் பார்த்தேன் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா: குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 11. ஏழு வயது என்றால் பிறந்தது 1934. ஆனால் ஐசி அரசாங்கப் பத்திரம்.

கூலிம் அத்தை: தோட்டத்து ஆபீஸ் கிராணி குத்துமதிப்பாகப் போட்டது

கேஎல் சித்தப்பா: வயதே வேண்டாம். அமரர் போதும்.

கூலிம் அத்தை: பேப்பரிலும் போட வேண்டும். தமிழ் நேசனில்.

செல்வி: அது 2019லேயே நின்றுவிட்டது அத்தை

கூலிம் அத்தை: அட

முரளி: அந்தத் தோமான் தெமெங்கோர் ஏரியில் பிடித்தது. அன்றைக்குத்தானே சித்தப்பா சிவப்புக் குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் தூண்டில் போட்டு, தாத்தா கம்பைப் பிடுங்கினார்? "குஞ்சு காக்கிற மீனைத் தொடாதே, அதைத் தூக்கிவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்குத் தீனி" என்று. கரை ஏறும்வரை பேசவில்லை. அப்புறம் குஞ்சு இல்லாத பக்கம் போய் அவரே இதைப் பிடித்தார்.

கேஎல் சித்தப்பா: அதெல்லாம் இப்போது எதற்கு

பெரியப்பா: அந்தப் போட் எஞ்சின் கதையையும் சொல்லச் சொல்.

கேஎல் சித்தப்பா: ஆஸ்பத்திரி செலவுக்கு விற்றேன். அப்போது குழுவில் 👍 போட்டது யார் அண்ணே?

செல்வி: படம்??

கூலிம் அத்தை: போதும் இரண்டு பேரும். நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து வெளியே வந்தால் அப்பா மோட்டார் சைக்கிளோடு கேட்டில் நிற்பார். ஹேண்டிலில் வாளி, வாளிக்குள் கெளுத்தி தட்தட்டென்று அடிக்கும். கூட இருக்கும் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும். மழை பெய்தால் கோட்டை எனக்குப் போட்டுவிட்டு அவர் நனைந்துகொண்டே ஓட்டுவார். வீட்டுக்கு வந்ததும் வாளியைத்தான் முதலில் பார்ப்பார், மீன் உயிரோடு இருக்கிறதா என்று.

முரளி: 😂😂

கேஎல் சித்தப்பா: அக்கா 🙏

பாலிக் புலாவ் மாமா: டுரியான் விழ ஆரம்பித்துவிட்டது. யாருக்கு வேண்டும்?

கேஎல் சித்தப்பா: எனக்கு. பதினாறுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

முரளி: கம்போங் நாட்டுப் பழமா, நல்ல ரகமா?

செல்வி: ஐயோ. வெள்ளைச் சட்டையை அனுப்பிவிடட்டுமா?

கூலிம் அத்தை: மீன் படத்தில் மீனை மட்டும் எடுத்துவிட முடியாதா? சிரிப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

முரளி: இரண்டு கையும் காற்றைத் தூக்கிப் பிடித்த மாதிரி நிற்கும் அத்தை

செல்வி: கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கிறேன். வயது?

பெரியப்பா: இரண்டாம் பகுதியில் விளக்கியிருக்கிறேன். அனுப்புகிறேன்.

கூலிம் அத்தை: அண்ணே 91

கூலிம் அத்தை: மாமா, எங்களுக்கு நாலு பழம். விரை சின்னதாகப் பார்த்து.