மாமியின் மின்னணு மருத்துவக் கோப்பு: வைத்திருப்பதா, மறுப்பதா?

மல்லிகைப்பந்தல் (டோர்ட்முண்ட்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜேர்மனியில் வாழ்பவர்களிடமும், ஐரோப்பாவின் பிற நாடுகளில் இதே அனுபவத்தைக் கடந்தவர்களிடமும் ஓர் ஆலோசனை கேட்க விரும்புகிறேன்.

எனது மாமிக்கு வயது 74. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் நெடுநாளாக உண்டு. இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போனதால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மார்குமார் குளிசையும் எடுக்கிறார். குடும்ப வைத்தியர், இதய வைத்தியர், கண் வைத்தியர், நீரிழிவு நிலையம் என்று நான்கு இடங்களுக்குப் போய்வருகிறார். ஒவ்வோர் இடத்திலும் கொடுக்கும் கடிதங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் சேர்த்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருப்பார். எங்கே போனாலும் அந்தப் பை கூடவே போகும்.

சென்ற குளிர்காலத்தில் வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது மட்டும் பை வீட்டிலேயே நின்றுவிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "காலையில் ஒரு வெள்ளை, பின்னேரம் அரை வெள்ளை" என்றுதான் மாமியால் சொல்ல முடிந்தது. என் கணவர் வீட்டுக்கு ஓடிப் பையை எடுத்து வரும்வரை அவர்களும் தயங்கி நின்றார்கள். நாங்களும் பதறி நின்றோம்.

இப்போது மருத்துவக் காப்புறுதி நிறுவனமான கிராங்கன்காஸ, மாமியின் பெயரிலும் மின்னணு நோயாளர் கோப்பு திறக்கப்பட்டுவிட்டது என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. இங்கே எல்லோரும் "ஏ-பே-ஆ" என்று சொல்வது இதைத்தான். வேண்டாம் என்றால் மறுப்புத் தெரிவிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயிலில் சந்தித்த உறவினர் ஒருவர், "உடனே மறுத்துவிடுங்கள், எல்லாவற்றையும் திருடிவிடுவார்கள்" என்றார். மாமியிடம் திறன்பேசி கிடையாது; ஜேர்மன் மொழியும் கொஞ்சந்தான் பேசுவார். அவர் சார்பில் தவறான முடிவை எடுத்துவிடக் கூடாது என்ற கவலையோடு கேட்கிறேன்: வைத்திருப்பது நல்லதா, மறுப்பது நல்லதா?

மருந்துப்பெட்டி (எஸ்ஸன்) எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் மருந்தகம் ஒன்றில் பணியாற்றுகிறேன்; ஆகவே கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்து காண்பதைச் சொல்கிறேன்.

இந்தக் கோப்பு புதியதன்று. 2021 ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஆனால் அப்போது விரும்புபவர் தாமாக விண்ணப்பிக்க வேண்டியிருந்ததால், ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான் திறந்தார். அதனால் சட்டத்தைத் தலைகீழாக மாற்றினார்கள்: மறுக்காத எல்லோருக்கும் கோப்பு உண்டு. 2025 ஜனவரி 15 அன்று ஹம்பூர்க், ஃபிராங்கன், நமது நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனின் சில பகுதிகள் ஆகியவற்றில் சோதனையாகத் தொடங்கி, ஏப்ரல் 29 முதல் நாடெங்கும் விரித்து, அக்டோபர் 1 முதல் வைத்தியர்களும் வைத்தியசாலைகளும் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்றாக்கினார்கள். ஏறத்தாழ ஏழு கோடிப் பேருக்கு இப்படிக் கோப்பு திறந்தது.

எங்களுக்கு இதில் உடனடியாகப் பயன்படுவது மருந்துப் பட்டியல். 2024 ஜனவரி முதல் மருந்துச் சீட்டு மின்னணு வடிவில்தான் எழுதப்பட வேண்டும் என்பதால், எந்த வைத்தியர் எழுதினாலும் அது தானாகவே இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. அண்மையில் உங்கள் மாமியின் வயதொத்த ஒருவர், எலும்பு வைத்தியர் எழுதிய இபுப்ரோஃபென் 600 வாங்க வந்தார். அவரது காப்புறுதி அட்டையைக் கருவியில் செருகினேன், பட்டியல் திறந்தது, மூன்றாவது வரியில் மார்குமார் இருந்தது, எழுதியவர் வேறொரு வைத்தியர். இவ்விரண்டும் சேர்ந்தால் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து மிக அதிகம். உடனே எலும்பு வைத்தியரை அழைத்துப் பேசி, வேறு வலிமருந்து எழுதச் செய்தோம். மருந்து வாங்க வந்தவர் வழக்கமாக எங்களிடம் வருபவர் அல்லர். பட்டியல் இல்லாதிருந்தால் நான் சிரித்த முகத்தோடு அந்தப் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

ஆனாலும் பட்டியலை முழுமையானதென்று நம்பிவிட வேண்டாம். சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரைகள், ஊரிலிருந்து உறவினர் கொண்டுவரும் குளிசைகள், சூரணங்கள், லேகியங்கள் எவையும் அதில் தாமாக வந்து சேரா. மாமி அப்படி ஏதாவது எடுத்தால் அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். அதோடு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர் தம் வைத்தியரிடம் அச்சிட்ட மருந்துத் திட்டத்தைக் கேட்டுப் பெறும் உரிமை 2016 அக்டோபர் முதலே உண்டு; அந்த ஒற்றைத் தாளை மடித்துக் காப்புறுதி அட்டையுடன் வைத்துவிடுங்கள். இணைப்பு முடங்கும் நாள்களும் உண்டு. அன்றைக்குத் தாள்தான் கைகொடுக்கும்.

அந்தப் பிளாஸ்டிக் பையைப் பற்றியும் ஒன்று. பழைய கடிதங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பினால் அவர்களே மின்னணுவாக்கிக் கோப்பில் சேர்க்க வேண்டும்; 24 மாதங்களுக்குள் இரண்டு தடவை, தடவைக்குப் பத்து ஆவணங்கள் வரை கேட்கலாம். இதய வைத்தியரின் கடைசிக் கடிதத்திலிருந்து தொடங்குங்கள்.

இரவுப்பணி (மியூனிக்) எழுதியது:

மருந்தகச் சகோதரி சொன்ன பயன்களை நான் மறுக்கவில்லை. தகவல் பாதுகாப்புத் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில், கோயிலில் அந்த உறவினர் சொன்ன அச்சத்தையும் வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை மட்டும் எழுத வேண்டியிருக்கிறது.

கணினிப் பாதுகாப்புக் குறைகளைக் கண்டு வெளிப்படுத்தும் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஜெர்மன் அமைப்பு 2024 டிசம்பரில் ஹம்பூர்கில் நடத்திய மாநாட்டில், பிறருடைய கோப்புகளுக்குள் நுழையக்கூடிய பல வழிகளை ஆய்வாளர்கள் விளக்கிக் காட்டினார்கள். அவற்றில் சில, கணினி வல்லமையே தேவைப்படாதவை: காப்புறுதி நிறுவனத்துக்குச் சில தொலைபேசி அழைப்புகளைச் செய்து வேறொருவர் பெயரிலான அட்டையைப் பெறுவது, பழைய பொருள் விளம்பரங்களில் வரும் அட்டை வாசிப்புக் கருவிகளை வாங்குவது போன்றவை. சோதனைக் கட்டத்தில் கூடுதல் பாதுகாப்புகளைப் போட்டார்கள். நாடெங்கும் தொடங்கிய ஒரே நாளில், அட்டை இல்லாதபோது தரப்படும் மாற்றுச் சான்றின் வழியாக அந்தப் பாதுகாப்பையும் கடக்கலாம் என்று அதே கிளப் காட்டியது. உடனே அந்த வழியும் அடைக்கப்பட்டது. குறையைக் கண்டுபிடித்தவர்கள் வெளிப்படையாகச் சொன்னதால்தான் இவை அடைபட்டன. அவர்களை எதிரிகளாகப் பார்ப்பது தவறு.

ஆனால் மறுத்துவிட்டால் தரவு பாதுகாப்பாக இருந்துவிடும் என்பது சரியான கணக்கன்று. ஃபின்லாந்தில் வாஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். ஏறத்தாழ 33,000 பேரின் குறிப்புகள் திருடுபோயின. 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பி, பணம் தராவிட்டால் உங்கள் உரையாடல்களை வெளியிடுவேன் என்று மிரட்டினார்கள். குற்றவாளிக்கு 2024 ஏப்ரலில் மாவட்ட நீதிமன்றம் ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறை விதித்தது. அந்தக் குறிப்புகள் போனது நாட்டின் பொதுக் கோப்பிலிருந்து அன்று. அந்த நிறுவனம் தானே சரிவரப் பாதுகாக்காமல் வைத்திருந்த தரவுத்தளத்திலிருந்து. அயர்லாந்தில் 2021 மே 14 அன்று பொதுச் சுகாதாரச் சேவையின் கணினிகள் அத்தனையையும் நிறுத்தும்படி செய்த தாக்குதலும், இரண்டு மாதங்களுக்கு முன் ஊழியர் ஒருவர் திறந்த மின்னஞ்சல் இணைப்பில்தான் தொடங்கியது. உங்கள் மாமி ஏ-பே-ஆவை மறுத்தாலும், அந்த நான்கு வைத்தியர்களின் கணினிகளிலும் அவருடைய விவரங்கள் இருக்கத்தான் போகின்றன.

என் மனத்தை உறுத்துவது வேறு. வைத்தியர் நிலையத்தில் அட்டையைச் செருகினால் அந்த நிலையத்துக்கு 90 நாள்களுக்குக் கோப்பு திறந்திருக்கும். மருந்தகத்துக்கு மூன்று நாள்கள். இதை நாம் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். ஆனால் உளநல வைத்தியரின் கடிதத்தைப் பல் வைத்தியருக்கு மட்டும் மறைத்து, குடும்ப வைத்தியருக்குக் காட்ட வேண்டும் என்றால் வழியில்லை. மறைத்தால் எல்லோருக்கும் மறையும். யார் பார்த்தார்கள் என்ற பதிவிலும் நிலையத்தின் பெயர்தான் தெரிகிறது, பார்த்த ஆளின் பெயர் தெரிவதில்லை. பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் அது போதுமா?

வடகடல் (தாலின்) எழுதியது:

வணக்கம். சொந்த ஊர் திருநெல்வேலி. வேலைக்காக எஸ்தோனியாவுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முன்னவர் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு இங்குள்ள நடைமுறையிலிருந்து பதில் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

இங்கே நாடு தழுவிய மருத்துவத் தகவல் முறை 2008 டிசம்பரில் தொடங்கியது. மின்னணு மருந்துச் சீட்டு 2010 ஜனவரியில் வந்தது. காகிதச் சீட்டை நான் பார்த்ததே இல்லை. தொடர் மருந்து தீர்ந்தால் குடும்ப மருத்துவருக்குத் தகவல் சொன்னால் போதும். எந்த மருந்துக் கடையிலும் அடையாள அட்டையை நீட்டி வாங்கிவிடலாம். ஆனால் மக்கள் இதை நம்புவதற்குக் காரணம் வசதி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நோயாளர் தளத்தில் நுழைந்தால் என் கோப்பை எந்த மருத்துவர், எந்த நாளில் திறந்தார் என்பது பெயருடன் வரிசையாக நிற்கிறது. சிகிச்சைக்குத் தொடர்பில்லாதவர் திறந்திருந்தால் புகார் செய்யலாம், அது தண்டனைக்குரியது. ஒருமுறை எனக்கு அறிமுகமே இல்லாத பெயர் ஒன்று அதில் இருந்தது. கேட்டபோது, என் எக்ஸ்ரேயைப் படித்து அறிக்கை எழுதிய மருத்துவர் என்று அன்றே பதில் வந்தது. நான் பயந்ததற்கும் தெளிந்ததற்கும் இடையில் இருந்தது அந்த ஒரு வரிதான்.

இதை வைத்து எஸ்தோனியா எல்லாவற்றையும் சரியாகச் செய்தது என்று சொல்லிவிடவும் முடியாது. இங்கே மக்கள்தொகை ஏறத்தாழ 13 இலட்சம். 1991 க்குப் பிறகு புதிதாகக் கட்டிய அரசு என்பதால் பழைய முறைகளை இடிக்க வேண்டிய சுமையும் குறைவு. அப்படியிருந்தும், தொடங்கி ஐந்தாண்டுகள் கழித்து 2014 இல் தேசியத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது, உண்மையில் எல்லோரும் பயன்படுத்துவது மருந்துச் சீட்டை மட்டுமே என்று குறை சொன்னது. ஜெர்மனியில் இப்போது கோப்புகள் வெறுமையாக இருக்கின்றன என்று கேள்விப்படும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. கோப்பு நிறைவதற்குக் காலம் பிடிக்கும். மருத்துவர்களின் மென்பொருள் சுலபமாக இருந்தால்தான் அவர்களும் நிரப்புவார்கள்.

நாடு விட்டு நாடு போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியிலிருந்து ஃபின்லாந்து மருத்துவர் எழுதிய மின்னணுச் சீட்டுக்கு இங்கே மருந்து வாங்க முடிகிறது. கப்பலில் இரண்டு மணி நேரத்தில் வந்துபோகும் மக்களுக்கு இது பெரிய உதவி. இதையே ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் விரிக்கத்தான் ஐரோப்பியச் சுகாதாரத் தரவு வெளி என்ற சட்டம் 2025 மார்ச் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. நோயாளர் சுருக்கமும் மருந்துச் சீட்டும் 2029 மார்ச்சுக்குள், ஸ்கேன் படங்களும் ஆய்வக முடிவுகளும் 2031 மார்ச்சுக்குள் நாடுகளுக்கிடையே போய்வர வேண்டும் என்பது அதன் கால அட்டவணை. பாரிஸிலோ கோப்பன்ஹேகனிலோ உள்ள மகன் வீட்டுக்குப் போன இடத்தில் அம்மாவுக்கு உடல்நலம் கெட்டால் என்ன செய்வது என்ற கவலை நம்மவர் பலருக்கு உண்டு. அதற்காகவாவது இந்தத் தேதிகள் தள்ளிப் போகாதிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மல்லிகைப்பந்தல் (டோர்ட்முண்ட்) எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமிக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். "திருடினால் என்ன, என் சீனி எவ்வளவு என்று ஊருக்கே தெரியும்; ஆனால் அந்த இரவு மாதிரி இன்னொரு இரவு வேண்டாம்" என்றார். ஆகவே வைத்திருப்பதென்று அவரே முடிவு செய்துவிட்டார். ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது: திறன்பேசி இல்லாதவர் தன் கோப்பைத் தானே பார்ப்பதெப்படி? பார்க்க முடியாத கோப்பு அவருடையது என்று எப்படிச் சொல்வது?

மருந்துப்பெட்டி (எஸ்ஸன்) எழுதியது:

நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. இந்தத் திட்டத்தில் எனக்குள்ள பெரிய மனக்குறையும் இதுதான். அதிக மருந்து எடுப்பவர்கள் முதியவர்கள்; ஆனால் செயலியும், இரகசிய எண்ணும், அடையாளச் சரிபார்ப்பும் இளையவர்களை நினைத்தே அமைக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டு வழிகள் உண்டு. மாமி உங்களைத் தன் பிரதிநிதியாக நியமிக்கலாம். ஐந்து பேர் வரை நியமிக்க முடியும். பிரதிநிதி கோப்பைப் பார்க்கலாம், ஆவணங்களைச் சேர்க்கலாம், மறைக்கலாம், யாருக்கு அனுமதி என்பதையும் மாற்றலாம். கோப்பையே மறுத்து மூடுவதற்கும் வேறு பிரதிநிதிகளைச் சேர்ப்பதற்கும் மட்டும் அவருக்கு அதிகாரம் இல்லை. மற்றது, ஒவ்வொரு காப்புறுதி நிறுவனத்திலும் இதற்கென்றே ஓம்புட்ஸ்டெல்ல என்ற உதவி நிலையம் இருக்க வேண்டும் என்பது சட்டம். செயலி இல்லாதவர், தன் கோப்பை யார் திறந்தார்கள் என்ற பதிவை அவர்களிடம் எழுதிக் கேட்டுப் பெறலாம்.

கிளைக்கு மாமியை நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். அடையாள ஆவணத்தையும் அட்டையையும் எடுத்துச் சென்றால் இரகசிய எண்ணுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். மொழி பெயர்க்க நீங்கள் பக்கத்தில் இருந்தாலும், ஒவ்வொரு கேள்விக்கும் மாமி தமிழில் பதில் சொன்ன பிறகே படிவத்தில் குறியிடுங்கள்.

மல்லிகைப்பந்தல் (டோர்ட்முண்ட்) எழுதியது:

இன்று போய்வந்தோம். இரகசிய எண் தபாலில் வரும் என்றார்கள். வந்தவுடன் என்னைப் பிரதிநிதியாகச் சேர்க்கலாம். பையிலிருந்த கடிதங்களில் முதல் பத்தை மாமியே மேசையில் பரப்பித் தெரிந்தெடுத்தார். இதய வைத்தியரின் கடிதம் மேலே இருக்கிறது. உளநல வைத்தியரிடம் போன காலத்துக் கடிதம் ஒன்றும் இருந்தது. அதை எடுத்து, மடித்து, திரும்பவும் பைக்குள் வைத்துவிட்டார்.