நம்ம ஊர் வெள்ளைக்கல் விண்கலத்துக்குக் கவசம் ஆகுமா?

சூரமங்கலத்தான்:
சேலத்து வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, சூளையில் சுட்டுக் கிடைக்கும் மெக்னீசியா சுமார் 2,800 டிகிரி செல்சியஸில்தான் உருகும். எஃகு உலைகளின் உட்சுவரே இந்தக் கல்தான். நாசாவின் பழைய விண்வெளி ஓடமான ஸ்பேஸ் ஷட்டில் பூமிக்குத் திரும்பியபோது அதன் மூக்கு நுனியே 1,650 டிகிரி அளவுக்குத்தான் சூடேறியது. அப்படியிருக்க, திரும்பி வரும் விண்கலங்களுக்கு எரிந்து தேயும் பிசினை வெப்பக் கவசமாகப் பூசுவானேன்?

ஏற்காட்டுக்காரி:
அண்ணா, உருகுநிலையை மட்டும் வைத்துக் கவசத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. மெக்னீசியா செங்கல் கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 3 கிராம். ஷட்டிலின் சிலிக்கா ஓடு 0.14 கிராம்தான், பத்தில் ஒன்பது பங்கு வெற்றிடம். உங்கள் கல் சூட்டை உள்ளேயும் கடத்திவிடும்.

பிசின் கவசம் தேய்வதே ஆளைக் காப்பாற்றத்தான். கலத்துக்கு முன்னால் நசுங்கும் காற்றுதான் பயங்கரமாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் பிசின் சிதையும்போது வெப்பத்தின் ஒரு பங்கு அதிலேயே செலவாகும். கிளம்பும் வாயு சுடுகாற்றைத் தள்ளி நிறுத்தும். மிஞ்சும் கரி வெப்பத்தை வெளியே வீசும். 2006இல் வால்நட்சத்திரத் தூசியைக் கொண்டுவந்த நாசாவின் ஸ்டார்டஸ்ட் பெட்டகம் நொடிக்கு 12.9 கி.மீ. வேகத்தில் வந்து பத்திரமாக இறங்கியது இப்படித்தான்.

சூளைமேடு:
குளிர்ந்த உலையை அவசரமாகச் சூடேற்றினால் மெக்னீசியா கல் விரிசல் விட்டுச் செதில் செதிலாக உதிரும். விண்கலத்துக்கோ சில நிமிடங்கள்தான் கிடைக்கும்.

சூரமங்கலத்தான்:
சரி, கல்லை விடுங்கள். பிசினை மட்டும் எப்படி நம்புவது? 2022இல் நாசாவின் ஆளில்லா நிலாப் பயணமான ஆர்ட்டெமிஸ் 1 முடிந்து திரும்பியபோது ஓரியன் கலத்தின் கவசத்திலிருந்து கரி துண்டு துண்டாகப் பெயர்ந்தது. உள்ளே உண்டான வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடியதுதான் காரணம் என்று நாசாவே சொன்னது. சிலிக்கா ஓட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், அதுதான் மேல்.

ஏற்காட்டுக்காரி:
கரி பெயர்ந்தும் கலம் முழுசாக வந்து சேர்ந்ததே! ஓட்டுக்கு எல்லை உண்டு, அண்ணா. ஷட்டில் பூமிக்கு அருகே சுற்றும் தாழ்வட்டப் பாதையிலிருந்து நொடிக்கு 7.8 கி.மீ. வேகத்தில் வந்தது. நிலாவிலிருந்து வந்தால் அது 11 கி.மீ., இயக்க ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பு. 2007இல் இஸ்ரோ மீட்ட எஸ்ஆர்இ-1 என்ற சோதனைக் கலமும் தாழ்வட்டப் பாதையிலிருந்துதான் வந்தது. அதற்கே பக்கங்களில் சிலிக்கா ஓடு பதித்தாலும், சூடு அதிகம் தாக்கும் முனையில் கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த, எரிந்து தேயும் கார்பன்-பினாலிக்கைத்தான் வைத்தார்கள்.

சூரமங்கலத்தான்:
முனைக்கு வையுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாதம் ஒருமுறை போய்வர வேண்டிய கலத்துக்கு ஒவ்வொரு தடவையும் புதுக்கவசமா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.