கமீனோவில் தனியாக நடப்பவருக்கு வழித்துணை அமையுமா?

கேள்வி:
வரும் செப்டம்பரில் பிரான்சின் சான் ழான் பியே தெ போரிலிருந்து ஸ்பெயினின் சாண்டியாகோ வரை, கமீனோ என்னும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில், ஏறக்குறைய 780 கிலோமீட்டர் தனியாக நடக்கப்போகிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஸ்பானிஷ் தெரியாது, ஆங்கிலமும் தட்டுத்தடுமாறித்தான் வரும். பேச்சுத்துணைக்கு யாராவது கிடைப்பார்களா? கிடைத்தபின் ஒருநாள் தனியாக நடக்க ஆசை வந்தால், அவர்கள் மனம் நோகாமல் எப்படி விலகுவது?

பதில்:
அக்கா, துணையைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதே இல்லை. பாதையே கொண்டுவந்து சேர்த்துவிடும். முதல் நாள் பிரனீஸ் மலையைக் கடப்பவர்களில் பெரும்பாலோர் இரவு ரொன்செஸ்வயெஸில்தான் தங்குவார்கள். பிறகு பாம்ப்லோனா, எஸ்தெயா, லொக்ரோன்யோ என்று எல்லோரும் ஏறத்தாழ ஒரே ஊர்களில் இறங்குவதால், காலையில் முந்திச் சென்றவரே மாலையில் பக்கத்துக் கட்டிலில் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருப்பார். "இன்று எங்கிருந்து கிளம்பினீர்கள்?" என்று கேட்டால் போதும். "எதற்காக நடக்கிறீர்கள்?" என்பதை மட்டும் முதல் சந்திப்பில் கேட்காதீர்கள். துணைவரை இழந்தவர்களும் நோயிலிருந்து மீண்டவர்களும் அங்கே நடக்கிறார்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது அவர்களே சொல்வார்கள்.

மொழிக்காகத் தயங்கவே வேண்டாம். பூர்கோஸுக்கும் லெயோனுக்கும் இடையிலான மெசேதா சமவெளியில் ஒரு கொரியப் பெரியவரோடு நடந்தேன். எங்களுக்குப் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. தேவாலய மணிக்கூண்டில் நாரைக்கூடு தெரியும்போதெல்லாம் கைத்தடியால் சுட்டிக்காட்டுவார். நிழல் கண்ட இடத்தில் நான் நிற்பேன், அவரும் நிற்பார். அந்த வழியில் எனக்கு வாய்த்த மிக நல்ல துணை அவர்தான்.

கிரான்யோன் என்ற சிற்றூரில் தேவாலயத்தை ஒட்டிய அல்பெர்கேயில், அதாவது யாத்ரீகர் விடுதியில், ஓர் இரவு கட்டாயம் தங்குங்கள். தரையில் மெத்தை விரித்துப் படுக்க வேண்டும். காணிக்கையாக முடிந்ததைப் போடலாம். எல்லோரும் கூடிச் சமைத்து ஒரே மேசையில் உண்பார்கள். காய் நறுக்கத் தெரிந்தவருக்கு அங்கே பேசத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு பதில்:
விலகுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். காப்பி குடிக்க நிற்கும் இடத்தில், "நீங்கள் முன்னே நடங்கள், நான் மெதுவாக வருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பாதையில் அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பிடித்தவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுத்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நட்புக்காக நடையை மாற்றாதீர்கள்.

விடியும் முன் கிளம்பினால் மட்டும் யாரோடாவது சேர்ந்து நடங்கள். இருட்டில் வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறிகள் கண்ணில் படாது. அவசர உதவிக்கு 112.

முதலில் பதில் சொன்னவர்:
ஒன்று விட்டுப்போயிற்று. சாண்டியாகோவில் தரும் கொம்போஸ்தெலா சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே போதும். அதனால் அந்தத் தொலைவு தொடங்குவதற்குச் சற்று முன்னுள்ள சார்ரியா ஊரில் புதியவர்கள் கூட்டமாகச் சேர்வார்கள், சிறிய பைகளோடும் உரத்த பேச்சோடும். நெடுந்தூரம் நடந்துவந்த சிலர் அவர்களை யாத்ரீகர்களாகவே மதிப்பதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வாரம்தான் விடுப்பு கிடைத்தது என்பதற்காக ஒருவருடைய வேண்டுதல் சிறியதாகிவிடுமா? அவர்களோடும் பேசுங்கள். பழைய முகங்களைத் தவறவிட்டால், நண்பகல் திருப்பலிக்குப் பிறகு பேராலயத்தின் முன்னுள்ள ஒப்ரதோய்ரோ சதுக்கத்தில் சற்று நேரம் காத்திருங்கள். பின்தங்கி நடந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கேதான் வந்து சேர்வார்கள்.