ஜிம்மி கோபர்த் வெறும் உதைகாரரா?

மூலைக்கோடு:
நியூசிலாந்து ரக்பி வீரர் ஜிம்மி கோபர்த் “கருஞ்சட்டை (நியூசிலாந்து தேசிய அணியின் சட்டை) கிடைக்காமல் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர், 2016-17இல் இங்கிலாந்துப் பிரீமியர்ஷிப்பில் அதிகப் புள்ளிகள் எடுத்ததும் வெறும் உதைக்கணக்கு” என்று தெற்குத்தீவு எழுதியதைப் படித்து எனக்குக் கோபமே வந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஜானி வில்கின்சன் 2009இல் பிரான்சின் டூலோன் அணிக்குச் சென்றபின், நியூகாசில் அணியில் பத்தாம் எண்ணை (ஆட்டத்தை வழிநடத்தும் இடம்) ஏற்றவர் இவர். அயர்லாந்தின் புகழ்பெற்ற ஜானி செக்ஸ்டன் 2013இல் பாரிசுக்குச் சென்றபின், அவர் விட்ட அதே இடத்துக்கு அந்நாட்டின் லென்ஸ்டர் மாகாண அணி அழைத்ததும் இவரைத்தான். அந்த இரு இடங்களுக்கும் பிழைப்புத் தேடுபவரை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

தெற்குத்தீவு:
எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டேன். அந்தப் பருவத்தில் கோபர்த் ஆடிய வாஸ்ப்ஸ் அணியின் கிறிஸ்டியன் வேட் 17 டிரைகள் (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) வைத்தார். டேனி சிப்ரியானி பத்தாம் எண்ணில் ஆட்டத்தை நடத்தினார். மற்றவர்கள் ஓடி வைத்த டிரைகளுக்குப் பின்னால் வந்து உதைத்தவருக்கு எதற்கு மகுடம்?

மூலைக்கோடு:
டிரை எந்த இடத்தில் வைக்கப்படுகிறதோ, அதற்கு நேரே பின்னால் சென்றுதான் கன்வர்ஷனை (டிரைக்குப் பின் கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் கூடுதல் புள்ளிகள்) உதைக்க வேண்டும் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். வேட் விளிம்பில் ஓடும் விங் ஆட்டக்காரர். அவர் மூலையில் வைத்த டிரைகளுக்குக் கோபர்த் பக்கக்கோட்டின் அருகிலிருந்து, கம்பங்கள் குறுகித் தெரியும் கோணத்தில் உதைத்தார். அந்தப் பருவத்தின் சிறந்த வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தவர்களும், களத்தில் அவரோடு மோதிய சக வீரர்களே.

டப்ளின்வாசி:
லென்ஸ்டரைப் பற்றி இவ்வளவு பெருமை வேண்டாம். எங்கள் மண்ணில் வளர்ந்த இயன் மாடிகன் காத்திருக்க, வெளிநாட்டவருக்குப் பத்தாம் எண்ணைக் கொடுத்தது அநீதி என்றே இன்றும் சொல்வேன்.

மூலைக்கோடு:
2014 மே 31 அன்று கிளாஸ்கோ அணியை 34-12 என வென்று லென்ஸ்டர் ப்ரோ12 லீக் கோப்பையைத் தூக்கியபோது, தொடக்கத்திலிருந்தே பத்தாம் எண்ணில் ஆடியவர் கோபர்த். அன்று நீங்கள் கைதட்டவில்லையா? செக்ஸ்டன் திரும்பிய 2015இல் ஒரு முணுமுணுப்பும் இன்றிக் கோபர்த் வாஸ்ப்ஸுக்குப் போனார்.

தெற்குத்தீவு:
மாடிகனை இழுத்துப் பேச்சை மாற்றாதீர்கள். நியூசிலாந்தில் பிறந்து, அங்கே வெல்லிங்டன், ஹரிக்கேன்ஸ் அணிகளுக்கு ஆடியவருக்கு அளவுகோல் கருஞ்சட்டை ஒன்றுதான். அது இல்லாதவரின் புள்ளிகள் உதைக்கணக்கே.

மூலைக்கோடு:
நியூசிலாந்துக்காக 112 டெஸ்டுகள் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டங்கள்) ஆடிய டான் கார்ட்டர் அதே தலைமுறையில், அதே இடத்தில் நின்றார் என்பதை ஏன் விழுங்குகிறீர்கள்? அவர் இருந்தவரை வாசலில் காத்திருந்த நல்ல ஆட்டக்காரர்கள் பலர். உதைக்கணக்கு என்று மீண்டும் எழுதியதற்கும் பதில் தருகிறேன்: எக்ஸிட்டர் அணியிடம் வாஸ்ப்ஸ் கூடுதல் நேரத்தில் 23-20 எனத் தோற்ற 2017 பிரீமியர்ஷிப் இறுதியாட்டத்தில் கோபர்த் தாமே ஒரு டிரை வைத்தார். 2018இல் முழங்கால் தசைநார் அறுந்தும் திரும்பி வந்து, 39 வயதில் லெஸ்டர் டைகர்ஸ் அணிக்கு ஆடியவரும் அவரே.

தெற்குத்தீவு:
அந்த இறுதியாட்டத்தில் தோற்றார்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு டிரையை வைத்துக்கொண்டு ஒரு பருவத்தின் உதைகளை மறைக்க முடியாது.

மூலைக்கோடு:
மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. அந்தப் பருவத்தின் ஒரு வாஸ்ப்ஸ் ஆட்டத்தை முழுதாகப் பார்த்துவிட்டு, பத்தாம் எண்ணுக்கு அடுத்து நிற்கும் பன்னிரண்டாம் எண்ணில் கோபர்த் தடுத்து வீழ்த்தியவர்களையும் எண்ணிக்கொண்டு வந்து எழுதுங்கள்.

டப்ளின்வாசி:
மாடிகனைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.