பகை வளர்க்காத கூட்டு விளையாட்டுகள் எவை?

கேள்வி

கோவைக்கு அருகே 60 வீடுகள் கொண்ட மனைப்பிரிவில் குடியிருக்கிறோம். சென்ற பொங்கலன்று நடத்திய கயிறு இழுக்கும் போட்டியில் நடுவர் ஒரு தெருவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார் என்று பேச்சு எழுந்து, அன்று முதல் கீழத்தெருக்காரர்களும் மேலத்தெருக்காரர்களும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோடை விடுமுறையில் பெரியவர்களும் சேர்ந்து ஆடக்கூடிய பழைய விளையாட்டுகளை மீட்டெடுக்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1

வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்காவிலும் இதே தேடல் இருந்தது. 1966-இல் ஸ்டூவர்ட் பிராண்ட் என்பவர் போர் எதிர்ப்பாளர்களுக்காகச் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு விளையாட்டை நடத்தினார். ஆளுயரப் பந்து ஒன்றை இரண்டு அணிகளும் எதிரணியின் எல்லைக்குத் தள்ள வேண்டும். ஆனால் பந்து எல்லையை நெருங்கும்போதெல்லாம் வெல்லும் அணியிலிருந்தே சிலர் மறுபக்கம் ஓடிப்போய்த் தள்ளத் தொடங்கினார்கள். ஆட்டம் முடிந்துவிடக் கூடாது என்பதே அவர்கள் ஆசையாக இருந்தது. இந்த எண்ணம் வளர்ந்து, 1973-இல் கலிபோர்னியாவின் கெர்போடி பள்ளத்தாக்கில் 'புதிய விளையாட்டுகள்' விழாவாக நடந்தது. அந்த வகையில் எனக்குப் பிடித்தது, எல்லாரும் நெருக்கமாக வட்டமிட்டு நின்று, ஒரே நேரத்தில் அவரவர் பின்னால் நிற்பவரின் மடியில் அமரும் விளையாட்டு. ஒருவர் விலகினாலும் வட்டமே சரிந்துவிடும். நம் ஊரில் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள் என்பதால் இதைப் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மறுமொழி 2

அவ்வளவு பெரிய பந்துக்கு எங்கே போவது? சுண்ணாம்புத் தூளால் கோடு கிழித்தால் கிளித்தட்டுக்குக் களம் தயார்; கோடுகளில் காவல் நிற்கும் அணியினரிடம் தொடுபடாமல் மற்ற அணியினர் கோடுகளைக் கடந்து போய்வரும் ஆட்டம் அது. அதைவிட முக்கியமாக, அணியை நீங்கள் பிரிக்காதீர்கள். முன்புபோல் உத்தி பிரிக்கச் சொல்லுங்கள். சம பலமுள்ள இருவர் தோளில் கைபோட்டுத் தள்ளிப் போய், ஒருவர் சூரியன், மற்றவர் சந்திரன் என்று இரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள்; யார் எந்தப் பெயர் என்று அறியாமலே இரண்டு அணித் தலைவர்களும் ஆளுக்கொரு பெயரைக் கேட்டு எடுப்பார்கள். ஒவ்வோர் இணையும் ஒரே தெருவைச் சேர்ந்ததாக இருந்தால், இரண்டு அணியிலும் இரண்டு தெருவும் கலந்துவிடும். நடுவரும் வேண்டாம். எங்கள் ஊரில், தொட்டுவிட்டால் தொடப்பட்டவரே ஒப்புக்கொண்டு வெளியேறுவார். பொய் சொன்னவரை அடுத்த நாள் யாரும் இணை சேர்க்கமாட்டார்கள்.

கேட்டவர்

ஒரே தெருவுக்குள் இணை சேர்க்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. இந்த ஞாயிறு மாலை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலுள்ள காலி மனையில் கோடு போடுகிறோம். இம்முறை பரிசும் கிடையாது, நடுவரும் கிடையாது.