முக்திநாத் யாத்திரை: காசை எப்படிக் கொண்டு செல்வது?

கேள்வி – வெள்ளவத்தை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். அம்மா, அப்பா, மாமி ஆகியோரை அழைத்துக்கொண்டு ஐப்பசியில் காத்மண்டு, பொக்காரா வழியாக நேபாள மலைப்பகுதியிலுள்ள முக்திநாத் கோயிலுக்குச் சென்றுவர எண்ணியுள்ளேன். விமானச்சீட்டும் காத்மண்டு விடுதியும் கொழும்பிலேயே பதிவாகிவிட்டன. ஆனால் மலைப்பகுதியில் ஜீப், உணவு, தங்குமிடம், குதிரை என எல்லாவற்றுக்கும் கையில் காசு வேண்டும் என்று பயண முகவர் கூறுகிறார். மூன்று முதியவர்களுடன் பெருந்தொகையைச் சுமந்து திரிவதற்குத் தயக்கமாக உள்ளது. இங்கிருந்து டொலராக எடுத்துச் செல்வதா, அங்கே ஏ.டி.எம். இயந்திரத்தில் எடுத்துக்கொள்வதா? சென்றுவந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

பதில் – கொட்டாஞ்சேனை வாசி

இரண்டும் வேண்டும் தம்பி. எதை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காத்மண்டுவிலும் பொக்காராவிலும் இயந்திரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 500 நேபாள ரூபாய் கட்டணம் கழிப்பார்கள். ஒரே தடவையில் எடுக்கக்கூடிய தொகைக்கும் எல்லை உண்டு என்பதால், சிறுகச் சிறுக எடுப்பவருக்குக் கட்டணமே ஒரு செலவாகிவிடும். பொக்காராவைத் தாண்டியபின் நிலைமை வேறு. முக்திநாத் செல்லும் வழியிலுள்ள ஜொம்சொம் ஊரில் இயந்திரம் உண்டு என்றாலும், மின்சாரமும் இணைப்பும் இருந்து, உள்ளே தாளும் இருந்தால்தான் அது நமக்குப் பயன்படும். ஆகவே மலைச்செலவு முழுவதையும் பொக்காராவிலேயே நேபாள ரூபாயாக மாற்றிக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

அந்தத் தொகையைக் கணக்கிடும்போது, திட்டமிட்ட நாட்களுக்கு மேல் குறைந்தது இரண்டு நாட்களின் செலவைச் சேர்த்துக்கொள்வது அவசியம். காலை ஏறியதும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசத் தொடங்கிவிடும் என்பதால், பொக்காரா – ஜொம்சொம் சிறு விமானங்கள் காலையில்தான் பறக்கும். வானிலை கெட்டால் அதுவும் இல்லை. அப்படி நின்றுவிட்டால் நால்வருக்கும் கூடுதல் இரவுத் தங்கலோ பொக்காரா வரை ஜீப்போ தேவைப்படும். அந்த நேரத்தில் ஜீப் சாரதி கேட்பது காசைத்தான்.

டொலரை வங்கியிலோ, விற்பதற்கும் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணயமாற்றுநரிடமோ வாங்குங்கள். கடவுச்சீட்டையும் விமானச்சீட்டையும் கொண்டு செல்லுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். உண்டியல்காரரிடம் சில ரூபாய் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அது சட்டவிரோதம், கள்ளத்தாள் வந்தால் முறையிடவும் இடமில்லை. தாள்களை அங்கேயே வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓரம் கிழிந்தது, மையில் எழுதியது, முத்திரை குத்தியது, சிறிய முகப்படம் கொண்ட பழைய தாள் ஆகியவற்றைக் காத்மண்டு தமேல் பகுதியில் வாங்க மறுப்பார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள். மாற்றித் தருமாறு கவுண்டரிலேயே கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இன்னொன்று. சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவர் என்பதால் அந்த ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசா நமக்கு இலவசம். முக்திநாத் அடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் செல்வதற்கான அனுமதியும் ஏனைய வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், நமக்கு 1,000. முகவரின் பட்டியலில் பெரிய தொகை இருந்தால் கேள்வி கேளுங்கள்.

பதில் – தெஹிவளை அன்பர்

இந்திய ரூபாயைக் கொண்டு செல்வது இதைவிட எளிது. 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற நிலையான வீதம் இருப்பதால் ஏமாற்றுவதற்கு வழியே இல்லை. கடைக்காரர்கள் நேரடியாகவே வாங்கிக்கொள்கிறார்கள்.

பதில் – கொட்டாஞ்சேனை வாசி

வீதத்தைப் பற்றிக் கூறியது சரி. ஆனால் 2018 டிசம்பரில் நேபாள அரசு 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்தியத் தாள்களைத் தடை செய்தது. 2016இல் இந்தியா பழைய 500, 1,000 தாள்களைச் செல்லாதவையாக்கியபோது நேபாளத்தில் அவற்றை வைத்திருந்தவர்கள் மாற்ற வழியின்றித் தவித்ததால், பெரிய தாள் என்றால் அங்கே இன்றும் ஒரு அச்சம் உண்டு. நால்வரின் செலவை நூறு ரூபாய்க் கட்டுகளாகக் கொண்டு செல்வது பையை நிரப்பும் வேலை. சில்லறைத் தேவைக்கு ஒரு சிறு கட்டு போதும்.

பதில் – பம்பலப்பிட்டி வாசகி

அட்டையைப் பற்றிச் சில வார்த்தைகள். நமது வங்கிகள் பலவற்றின் டெபிட் அட்டைகளில் வெளிநாட்டுப் பாவனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டிருக்கும்; புறப்படுமுன் அதைத் திறந்துவிடுமாறு கேட்டு, நாளாந்த எல்லையையும் அறிந்துகொள்ளுங்கள். ஓ.டி.பி. எண் இலங்கைச் சிம்முக்குத்தான் வரும் என்பதால் ரோமிங் வசதியும் வேண்டும். கடனட்டையில் காசு எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதை அவசரத்துக்கென ஒதுக்கிவிடுங்கள். இயந்திரமோ விடுதியோ "இலங்கை ரூபாயில் கழிக்கவா?" என்று கேட்டால் மறுத்து, நேபாள ரூபாயையே தெரிவு செய்யுங்கள். கடைகளில் கியூ.ஆர். ஒட்டிகளைக் கண்டு நம்பிக்கை கொள்ள வேண்டாம். அவை பெரும்பாலும் நேபாளக் கணக்கோ, இந்தியாவின் கைப்பேசிக் கட்டண முறையான யூ.பி.ஐ. செயலியோ வைத்திருப்பவர்களுக்குத்தான் உதவும்.

ஐப்பசி என்கிறீர்களே, நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசாயின் எப்போது வருகிறது என்று நாட்காட்டியில் பார்த்தீர்களா? அந்தப் பண்டிகையின்போது வங்கிகள் தொடர்ந்து பல நாட்கள் மூடியிருக்கும், ஊருக்குப் போகிறவர்கள் இயந்திரங்களைக் காலி செய்துவிடுவார்கள். சாதாரண வாரங்களிலும் அங்கே சனிக்கிழமை விடுமுறை.

மேலதிகக் கேள்வி – வெள்ளவத்தை வாசகர்

மிக்க நன்றி. எங்கள் திகதிகள் தசாயினோடு மோதுகின்றன. ஆகவே காத்மண்டுவில் இறங்கியதும் மாற்றிவிடுகிறேன். காசு முழுவதையும் நானே வைத்திருப்பதா, பெரியவர்களிடமும் பிரித்துக் கொடுப்பதா?

பதில் – பம்பலப்பிட்டி வாசகி

பிரித்துக் கொடுங்கள். டொலர்களும் இரண்டாவது அட்டையும் ஒருவரின் உள்பையில், மலைச்செலவு இன்னொருவரிடம், அன்றைய செலவு மட்டும் உங்கள் கையில். தாளின் முகப்பில் எண்கள் தேவநாகரியில் இருப்பதால் அம்மாவும் மாமியும் குழம்பக்கூடும். பின்புறம் திருப்பினால் 1,000இல் யானையும் 500இல் புலியும் 100இல் காண்டாமிருகமும் தெரியும், அருகில் நமக்குப் பழக்கமான எண்களும் இருக்கும். கோயிலுக்குக் கீழேயுள்ள ராணிபௌவா ஊரிலிருந்து குதிரையில் ஏறும்போதும், சந்நிதியில் காணிக்கை இடும்போதும் சில்லறை வேண்டும் என்பதால் 10, 20, 50 தாள்களைப் பொக்காராவிலேயே கேட்டு வாங்குங்கள்.

மிஞ்சும் நேபாள ரூபாயைக் கொழும்பில் மாற்றுவது மிகக் கடினம். மாற்றியபோது தந்த பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, திரும்பும் நாளில் பாதுகாப்புச் சோதனைக்குள் நுழையுமுன் விமான நிலைய வங்கிக் கவுண்டரில் டொலராக்கிவிடுங்கள்.